தண்ணியில்லாக் காட்டில் ஒரு சுற்று

சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பயமுறுத்த நம் நாட்டில் புலி வேண்டாம், பேய் வேண்டாம். மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, “உம்மைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன், ஜாக்கிரதை!” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டவருக்கு அந்தக் கணமே நாக்கு வறண்டுவிடும்.

இந்தத் தண்ணியில்லாக் காடு எங்கே இருக்கிறது? பூகோளப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிலிருந்து பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வரையில் யாரைக் கேட்டாலும் ஒரே திசையில்தான் விரலை நீட்டுவார்கள். அது பழைய ராமநாதபுரம் ஜில்லா. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்து 1910-ல் உண்டாக்கப்பட்ட ஜில்லா அது. 1985-ல் அது மூன்றாகப் பிரிந்தது. இன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று வழங்கும் மாவட்டங்கள் அவையே. ஜில்லா மூன்றாகப் பிரிந்தபோது அந்தப் பொல்லாத பெயரை மட்டும் யாரும் பிரித்துக்கொள்ளவில்லை. மூவருக்கும் முழுசாகவே போய்ச் சேர்ந்துவிட்டது!

அந்தக் காட்டைத்தான் நேரில் பார்த்து வருவது என்று கிளம்பினோம். அருப்புக்கோட்டையில் தொடங்கி, திருச்சுழி, நரிக்குடி வழியாக வீரசோழன் வரையில் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. கூட வந்தவர் நமது ஓவியர். அவர் புறப்படும்போது கேட்ட முதல் கேள்வி, “ஒட்டகம் இருக்குமா, சார்? எனக்கு ஒட்டகத்தின் முழங்கால் சரியாக வராது” என்பது. ஒட்டகம் இராது, ஆடு நிறைய இருக்கும் என்று சமாதானம் சொல்லி அழைத்துப் போனேன்.

கவிகள் படைத்த பாலை

பஸ் ஏறுவதற்கு முன்னால் வாசகர்களை ஒரு பழைய பாலைவனத்துக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது. டிக்கெட் தேவையில்லை, சங்க இலக்கியத்தின் பக்கங்களில்தான் அது இருக்கிறது.

சங்கப் புலவர்கள் காட்டும் பாலை பயங்கரமான பிரதேசம். உச்சி வெயிலில் மூங்கில்கள் உரசித் தீப்பிடிக்கும். தாகத்தால் தவிக்கும் யானை, மரத்தின் பட்டையை உரித்துத் தன் துணைக்கு ஊட்டும். வழிப்போக்கர்களை அம்பெய்து கொன்று பொருளைப் பறிக்கும் கள்வர்கள் மறைந்திருப்பார்கள். மாண்டவர்களை மூடிய கற்குவியல்கள் வழியெல்லாம் கிடக்கும். மேலே பருந்து வட்டமிடும். தூரத்தில் தண்ணீர் தெரியும். கிட்டே போனால் அது கானல். அதற்குப் ‘பேய்த்தேர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நிலத்தில் எயினர் வாழ்ந்தார்கள். அவர்கள் கும்பிட்ட தெய்வம் கொற்றவை.

இப்படிப்பட்ட நிலம் தமிழ்நாட்டில் எங்கே இருந்தது? தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகளில் காற்றில் நகரும் செம்மணல் மேடுகள் உண்டு, வாஸ்தவம். ஆனால் அங்கே மூங்கிலும் இல்லை, யானையும் இல்லை. சங்கப் பாட்டின் பாலைக்கு அளவெடுத்தாற்போல் ஓர் இடத்தைத் தமிழ்நாட்டுப் படத்தில் காட்ட முடியாது. அப்படியிருந்தும் அகநானூற்றின் 400 பாட்டுகளில் 200 பாட்டு பாலைத் திணை. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண் வரும் இடமெல்லாம் பாலைதான். பாலையைப் பாடியே பெயர் வாங்கிய சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ, மழைக்குப் பேர் போன சேர நாட்டு அரசர்! குடை பிடித்துக்கொண்டு கானலைப் பாடியிருப்பார் போலும்.

தொல்காப்பியர் நிலங்களைப் பங்கு போடும்போது முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்குக்கும் தெய்வத்தோடு இடம் சொல்லுகிறார். பாலைக்கு அந்த வரிசையில் இடம் கொடுக்கவில்லை. இந்தப் புதிரை விடுவித்தவர் சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வரும் இடத்தில் அவர் சொல்லுகிற கருத்து இதுதான்: முல்லையும் குறிஞ்சியும் தங்கள் முறைமை கெட்டு, நல்ல இயல்பை இழந்து, துன்பம் தரும் உருவத்தை அடையும்போது அதற்குப் பாலை என்று பெயர்.

அதாவது, பாலை என்பது தனியான ஓர் ஊரல்ல; ஊருக்கு வருகிற ஒரு வியாதி. வியாதி என்றால் வந்ததற்குக் காரணம் இருக்கும், வைத்தியமும் இருக்கலாம். இதை மனத்தில் முடிந்துகொண்டு பஸ் ஏறினோம்.

பூமிநாதர் நிறுத்திய வெள்ளம்

அருப்புக்கோட்டையைப் பார்த்தால் பாலையின் வாசல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெருவில் நடந்தால் தறிச் சத்தம். கடைவீதியில் திரும்பினால் மல்லிகை வாசனை. ஊரைத் தாண்டியதும் கரிசல் பூமி விரிகிறது. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாத மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் புகும்படி வாய் பிளக்கிற மண். பனைகள் காவல்காரர்களைப் போல் ஒதுங்கி நிற்கின்றன. எதிரே தார் ரோட்டின்மேல் தகதகவென்று தண்ணீர் தெரிந்தது. ஓவியர் என் தோளைத் தட்டி, “ஆறு!” என்றார். பஸ் நெருங்க நெருங்க ஆறு பின்வாங்கிக்கொண்டே போயிற்று. இரண்டாயிரம் வருஷத்துப் பேய்த்தேர் இப்போது தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது!

திருச்சுழியில் இறங்கினோம். 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ரமண மகரிஷி அவதரித்த ஊர். சுந்தரர் பாடிய தலம். பூமிநாதர் கோயிலை ஒட்டிக் குண்டாறு போகிறது. ஆறு என்கிற மரியாதைக்காக அதன்மேல் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது பாலத்துக்கு அடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஒரு சமயம் பிரளய வெள்ளம் பொங்கி வந்து பூமியை மூழ்கடிக்கப் பார்த்ததாம். சிவபெருமான் தமது சூலத்தால் பூமியில் ஒரு துவாரம் போட, வெள்ளமெல்லாம் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிட்டதாம். அந்தச் சுழிதான் ‘சுழியல்’ என்று தேவாரத்தில் இடம் பெற்றது, இன்றைக்குத் திருச்சுழி.

தண்ணியில்லாக் காட்டின் ஸ்தல புராணம் வெள்ளத்தைப் பற்றியது! ஓவியருக்கு இது தாங்கவில்லை. “வெள்ளம் வந்ததைக்கூட மன்னித்துவிடலாம், சார். அவ்வளவு தண்ணீரையும் பூமிக்குள் இறக்கியாயிற்றே, அது எங்கே?” என்றார். விளையாட்டாகக் கேட்டாரானாலும், இந்தச் சீமையில் கேட்கவேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

மழைக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். நிஜமான பாலைவனம் என்று சொல்லவேண்டுமானால் 250 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் அவ்வளவுகூடக் கிடையாது. மழைக்குப் பேர் போன, குடையில்லாமல் கனவான்கள் வெளியே புறப்படாத லண்டன் நகரத்தில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். அருப்புக்கோட்டைச் சீமையில் லண்டனைவிட அதிகமாக மழை பெய்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

800 மில்லிமீட்டர் என்றால் ஓர் ஏக்கர் நிலத்தின் தலையில் வருஷத்துக்கு 32 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். லண்டன் மழை வருஷம் முழுவதும் சிணுங்குகிறது. நம்முடைய மழையோ ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் ஆர்ப்பாட்டமாக வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் சூரிய பகவான்தான். விழுகிற தண்ணீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உறிஞ்சும் சக்தி அவருக்கு உண்டு. ஆகவே, வந்த மழையை வந்த அன்றே பிடித்து வைத்துக்கொள்பவன் பிழைப்பான். பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குச் சித்திரையில் பாலைதான்.

நம் முன்னோர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. அவை மிகவும் நெருங்கிக் கிடக்கும் பிரதேசங்களில் ஒன்று இந்தத் ‘தண்ணியில்லாக் காடு’! படத்தை விரித்துப் பார்த்தால் பிறைச்சந்திரன்களைக் கொட்டிவைத்ததுபோல் எங்கே பார்த்தாலும் கண்மாய்க் கரைகள்.

கலுங்கு சொல்லும் கதை

நரிக்குடிக்குப் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நடந்தோம். கரை மேல் ஐயனார் கோயில். மண் குதிரைகள் இரண்டு, ஒன்றுக்குக் காது இல்லை. கோயில் நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயசு, தலையில் துண்டு, குரல் மட்டும் கண்மாயின் அக்கரைக்குக் கேட்கும். ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவராம்.

“நீர்பாய்ச்சின்னா யாருங்கய்யா?” என்று கேட்டேன்.

“மடையைத் திறக்கிறவன், மூடுறவன், தம்பி. எந்த வயலுக்கு எம்புட்டுத் தண்ணி போகணும்னு அவன்தான் சொல்லணும். மொதலாளி வயலா இருந்தாலும் முறை வந்தாத்தான் தண்ணி. அறுவடையிலே களத்துக்குப் போனா நெல்லு அளப்பாங்க. அதான் சம்பளம்.”

அவர் எங்களைக் கரையோடு அழைத்துப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலே பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு வருவது வரத்துக் கால்வாய். கண்மாய்க்குள்ளிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல், மடை. கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்குக் கல்லால் கட்டிய இடம், கலுங்கு. ஓர் ஊர்க் கலுங்கில் வழிகிற தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அந்தக் கண்மாய் நிரம்பினால் அதற்கு அடுத்தது. இப்படிச் சங்கிலி கோத்தாற்போல் ஊருக்கு ஊர் இறங்கிப்போய், கடைசியில் மிச்சம் இருந்தால் கடலுக்கு.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! மேல் ஊர்க்காரன் தன் கால்வாயைச் சுத்தம் செய்தால் கீழ் ஊர்க்காரனுக்கும் சோறு. மேலே ஒருவன் கால்வாயை அடைத்து வீடு கட்டிக்கொண்டால் கீழே வரிசையாகப் பத்து ஊர் பட்டினி. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதானே?

“கலுங்கு பாஞ்சு எத்தனை வருசமாச்சு?” என்றேன்.

பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “மழை பேயாம இல்லே, தம்பி. பேயுது. கம்மாய்க்கு வர்ற வழியத்தான் காணோம். எல்லாரும் காவேரி வருது, காவேரி வருதுன்னு சொல்றாக. வரட்டும், நல்லதுதான். அது வர்றவரைக்கும் எங்க கால்வாயில மண்வெட்டியப் போட ஆளு வேணும்ல?”

அவர் சொன்னது காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்தை. 2021-ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

மண்வெட்டி போடுவதற்கு முன்காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கோடையில் கண்மாய் வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்தவேண்டும். கால்வாயைத் தூர் வாரவேண்டும். அள்ளிய வண்டல் மண்ணை வண்டியில் ஏற்றி அவரவர் வயலில் கொட்டிக்கொள்ளலாம். உரம் வாங்கும் செலவு மிச்சம். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரர் ஆட்சியில் 1858-ல் இதைச் சட்டமாகவே போட்டார்கள். ஆனால் வரியை வாங்குவதில் இருந்த அக்கறை வாய்க்காலைப் பார்ப்பதில் இருக்கவில்லை. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு கண்மாய்கள் சர்க்காருக்கு வந்தன. 40 ஹெக்டேருக்குமேல் பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணி இலாகாவுக்கு. அதற்குக் குறைந்தது பஞ்சாயத்து யூனியனுக்கு. கண்மாய்க்குச் சொந்தக்காரர் யார் என்பது தீர்ந்தது. தூர் வாருகிறவர் யார் என்பதுதான் தீரவில்லை. 2017-ல் சர்க்கார் அதே குடிமராமத்து என்ற பழைய பெயரில் ஒரு திட்டம் தொடங்கிப் பல கண்மாய்களைத் தூர் வாரியது. பெயர் திரும்பி வந்ததே நல்ல சகுனம். வீட்டுக்கு ஓர் ஆள் வரும் வழக்கமும் கூடவே திரும்பி வரவேண்டும்.

சீமையிலிருந்து வந்த விருந்தாளி

கண்மாய்க்குள் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு காடே நின்றது. எல்லாம் சீமைக் கருவேலம். பெயரே சொல்லுகிறதே, அது நம் ஊர்ப் பிரஜை இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம். சென்னை ராஜதானிக்கு 1870-களில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது. வந்த விருந்தாளி திண்ணையில் படுத்து, கூடத்துக்கு வந்து, கடைசியில் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிட்ட கதைதான்.

ஓவியர் படம் போடுவதற்காகக் கொஞ்சம் உள்ளே போனார். போனவர் ஒற்றைக் காலில் திரும்பி வந்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது. சங்கப் பாலையில் அம்பு எய்தார்கள். இங்கே மரமே எய்கிறது!

2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இந்த மரங்களை அகற்றும்படி உத்தரவிட்டது. ஊர் ஊராக வெட்டினார்கள். அதே வருஷம் அந்த வேலைக்குத் தடையும் வந்தது. வெட்டிய இடத்திலும் வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும். அப்படி ஒரு சாமர்த்தியம் அதற்கு.

ஆனால், ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. மழை பொய்த்த வருஷங்களில் இந்த மரந்தான் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரித்தது. வழியெல்லாம் கரிமூட்டங்கள் புகைகின்றன. வெட்டிய கட்டைகளை அடுக்கி, மண் பூசி மூடி, நாள் கணக்கில் தணலாக வைத்திருந்து கரியாக்குகிறார்கள். மூட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம், “இந்த மரத்தை ஒழிக்கவேண்டும் என்கிறார்களே?” என்று கேட்டேன்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு, “ஒழிக்கட்டும், சாமி. கம்மாயில தண்ணி வந்தா நாங்க ஏன் இந்தப் பொகையில நிக்கப்போறோம்? நாத்து நடப் போயிற மாட்டமா? தண்ணியக் குடுத்துட்டு மரத்த வெட்டச் சொல்லுங்க” என்றார்.

சட்டசபையில்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

வீரசோழன் சந்தை

நரிக்குடியைத் தாண்டி வீரசோழன் வந்து சேர்ந்தோம். என்ன கம்பீரமான பெயர்! காவிரி டெல்டாவில் இதே பெயரில் ஓர் ஆறு உண்டு. மயிலாடுதுறைச் சீமை வயல்களுக்குப் பாய்ந்து போகும் காவிரியின் கிளை அது. அங்கே வீரசோழன் தண்ணீரின் பெயர். இங்கே தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரின் பெயர். இந்தப் பக்கத்துக்கு உள்ள நம்பிக்கை கிருதுமால் நதி. மதுரை நகரத்துக்குள் சாக்கடையாக அவதிப்படுகிறதே, அதே நதிதான். வைகையில் வெள்ளம் வரும்போது விரகனூர் மதகணையிலிருந்து கிருதுமாலில் தண்ணீர் திறந்தால் நரிக்குடி வட்டாரத்துக் கண்மாய்கள் உயிர் பிழைக்கும். ஆகையால் இங்கே உள்ளவர்கள் தங்கள் ஊர் வானத்தைப் பார்ப்பதோடு தேனி மலை வானத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பள்ளிவாசலும் கோயிலும் கடைவீதியுமாகக் கலகலப்பான ஊர். வாரச் சந்தையில் ஆடுகளுக்குத்தான் முதல் மரியாதை. ஓவியருக்கு நான் வாக்குக் கொடுத்தபடியே ஆடுகள்! வெள்ளாடு, செம்மறி, கொம்பு சுருண்ட கிடா எல்லாம் வந்திருந்தன. தரகர்கள் பேசிய பேச்சில் காதில் விழுந்தது பாதி. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசியது மீதி. பக்ரீத் நெருங்கும்போது இந்தச் சந்தையில் நிற்க இடம் இராது என்றார்கள்.

ஆடு வளர்ப்பு இந்த மண்ணுக்கு ஏற்ற கெட்டிக்காரத்தனம். நெல் தண்ணீர் கேட்கும், ஆடு கேட்காது. கருவேலங்காயைத் தின்றாவது பிழைத்துக்கொள்ளும். மழை பெய்தால் நெல். பின்மழையில் மிளகாயும் பருத்தியும். ஒன்றும் பெய்யாவிட்டால் ஆடு. இப்படி மூன்று கதவு வைத்த வீடு இந்தச் சம்சாரிகளுடையது. ஒரு கதவு சாத்தினாலும் இன்னொன்றின் வழியாக மூச்சு விட்டுக்கொள்ளுகிறார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறட்சியில் விளைகிற காரத்துக்கு உலகம் முழுவதும் கௌரவம்!

சந்தையில் கவனித்த இன்னொரு விஷயம் உண்டு. ஆடு விற்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நரைத்த தலைகளும் பெண்களும். “பிள்ளைகள் எங்கே?” என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது: திருப்பூர், சென்னை, துபாய், சவூதி, சிங்கப்பூர்.

பிரிவு என்னும் பொருள்

சங்கப் பாட்டில் பாலைக்கு உரிய பொருள் என்ன தெரியுமா? வெயிலும் கள்வரும் வெறும் மேடை அலங்காரந்தான். நாடகம் ‘பிரிவு.’ பொருள் தேடச் சுரம் கடந்து போகிறான் தலைவன். வீட்டில் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறாள் தலைவி. புலவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்: நிலம் வறண்டால் முதலில் உடைவது குடும்பம்.

இது கற்பனை இல்லை என்பதற்கு இந்தச் சீமையின் சரித்திரமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வந்தபோது, இந்த வறண்ட ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் கங்காணிகளின் பின்னால் புறப்பட்டார்கள். கடற்கரை வரை நடை, படகில் மன்னார், அங்கிருந்து காட்டுக்குள் மாத்தளை வரையில் மறுபடி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நடுகல் நட யாரும் இல்லை. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்து ஊர்களைத் துடைத்தபோது அந்த வழியில் கூட்டம் இன்னும் பெருகியது. புலவர்கள் பாடிய சுரம் சங்க காலத்தோடு முடிந்துபோகவில்லை. மன்னாருக்கும் மாத்தளைக்கும் நடுவே நிஜமாகவே இருந்தது.

இப்போது பிரயாணம் சௌகரியம். ஆகாய விமானம் இருக்கிறது. கையடக்கப் போனில் முகம் பார்த்துப் பேசலாம். வீரசோழனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வளைகுடாவில் உள்ள மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் என்ன கேட்டானோ தெரியாது. அம்மாள் சொன்ன பதில் காதில் விழுந்தது: “நேத்து ஒரு தூறல் போட்டுச்சுப்பா. கம்மாய்க்குக் காணாது.”

அவன் நலம் விசாரிக்கும்போது கண்மாயையும் சேர்த்து விசாரித்திருக்கிறான்.

பாலை திரும்பிப் போகுமா?

வியாதி என்றால் வைத்தியம் உண்டா என்று பார்க்கவேண்டுமல்லவா? உலகத்தில் இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஒரு மகா பெரிய ஏரி இருந்தது. உலகத்திலேயே நான்காவது பெரியது. பருத்தி விளைவிப்பதற்காக 1960-களிலிருந்து அதற்கு வந்த இரண்டு ஆறுகளையும் சோவியத் சர்க்கார் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டது. வரத்து நின்றதும் ஏரி வற்றியது. மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நின்றன. ஒரே தலைமுறைக்குள் புத்தம் புதிய பாலைவனம் ஒன்று பிறந்து, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். முறைமை கெட்டு, இயல்பை இழந்து பாலையாதல் என்றால் இதுதானே?

ஆனால் அதே ஏரியின் வடக்கு மூலையில் 2005-ல் ஒரு கரையைக் கட்டினார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கண்மாய்க் கரை, கலுங்கோடு சேர்த்து! வருகிற தண்ணீரை அது தேக்கியது. சில வருஷங்களுக்குள் தண்ணீர் உயர்ந்து, உப்புக் குறைந்து, மீன் திரும்பி வந்தது. மீனோடு மீன்பிடிக்கிறவர்களும் வந்தார்கள். தெற்குப் பாதி இன்றைக்கும் பாலைதான். வடக்குப் பாதியைக் காப்பாற்றியது ஒரு கரை.

அருப்புக்கோட்டைச் சீமைக்கு அவ்வளவு பெரிய அணைகூட வேண்டியதில்லை. மழை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, கரை இருக்கிறது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே மண் மூடிப்போன, முள் அடைத்துப்போன, வேலி போட்டு மறித்துவிட்ட கால்வாய்தான் பாக்கி. மேல் ஊர்க்காரன் மனசு வைத்தால் கீழ் ஊர்க்காரன் பிள்ளை திரும்பி வருவான். இது கலுங்கு கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாற்றல் உத்தரவுக்குப் பயப்படும் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு சமாசாரம் சொல்லி முடிக்கிறேன். 2019-ம் வருஷக் கோடையில் சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றின. தெருவுக்குத் தெரு காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் ஏற்றிவந்து பட்டணத்துக்குக் கொடுத்தார்கள். சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் மழையோ அருப்புக்கோட்டையைவிட மிகவும் அதிகம்!

இளங்கோவடிகள் சொன்னது சரி. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. வரத்துக் கால்வாயை மறந்த ஊர் எதுவானாலும் அங்கே வந்து அது குடியேறிவிடும். அந்தக் கோடையில் ஆபீஸ்களில் மாற்றல் உத்தரவுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த மேலதிகாரிகள், தங்கள் ஆட்களை எந்த ஊருக்கு அனுப்பிப் பயமுறுத்தினார்களோ, அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.